கொட்டாப்புளிக்காரி

காய்ந்த கொட்டைப்பாக்கு ஒன்றைக் கருங்கல்லின் மேல் வைத்து, புதிதாகப் பிடி போட்ட கொட்டாப்புளியை மங்கையற்கரசி ஓங்குகிறாள். ஓங்குகிறாள் என்பதுகூடச் சரியில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மரத்தின் தலையை அதன் பாட்டில் விழ விடுகிறாள். பாக்கு இரண்டாகப் பிளந்தால் கொட்டாப்புளி தேறிவிட்டது. நொறுங்கித் தெறித்தால் தலை கனம். உருண்டு ஓடினால் முகம் சரியில்லை. தேறிய அன்று அந்தப் பாக்கையே வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொள்வாள். தேறாத அன்று வெற்றிலை இல்லை. அவள் வாய் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது திராய்மடுவில் அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும்.

கொட்டாப்புளி என்பது தச்சரின் மரச் சுத்தியல். உளியின் பிடி மரம். அதை இரும்பால் அடித்தால் பிளந்துபோகும். மரத்தை மரத்தால் அடிக்க வேண்டும். தலைக்குப் புளி, பிடிக்கு விண்ணாங்கு மரம். புளியங்கட்டை ஒரேயடியாகக் காய்ந்தால் வெடிக்கும் என்று அதன் இரு முனைகளிலும் சாணி அப்பி, வீட்டுக்குப் பின்னால் நிழலில் அடுக்கி வைத்திருக்கிறாள். விண்ணாங்குக் கம்புகள் அடுப்புக்கு மேலே, புகை படும் இடத்தில் கிடக்கின்றன. தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீளமான தச்சு மேசை. அதில் ஒரு பாதி அவளுடையது. மறுபாதி அவள் கணவன் கனகசிங்கத்துடையது. அவன் ஓடாவி, தோணியும் வள்ளமும் கட்டுகிறவன்.

கொட்டாப்புளி வாங்க வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது கையைத்தான். களுதாவளையிலிருந்து விஜிதரன் என்ற தச்சன் ஒருமுறை வந்தான். மேசையில் கிடந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்படலாம் என்று நினைத்தவனை அவள் விடவில்லை.

"இஞ்ச குடுங்க கையை."

கையை நீட்டினான். அடுப்புக்கரியைக் குழைத்து அவன் உள்ளங்கை முழுக்கப் பூசினாள். தோல் சீவிய வெள்ளைக் கம்பு ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள்.

"இறுக்கிப் புடிக்கப்படா. கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரிப் புடிங்க."

"என்னக்கா இது, கொட்டாப்புளி வாங்க வந்தா கைக்குக் கரி பூசுறீங்க?"

"கரி களுவினாப் போகும். புடி பிழைச்சா கை போகும். எது வேணும்?"

கம்பில் கரி எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே வெள்ளையாக இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்த இடத்தில் மரம் கையைத் தொடவில்லை. அங்கே கொஞ்சம் பருமன் விட வேண்டும். "அடுத்த கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டாள். விஜிதரன் முணுமுணுத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது அவன் வேலை செய்கிற பட்டறையில் ஆளுக்கொன்று அவள் செய்ததுதான்.

இந்தக் கரி பூசும் பழக்கம் அவளுக்கு ஒரு கையைப் பார்த்துப் பார்த்து வந்தது. கனகசிங்கத்தின் வலக்கை அது.

கடல் ஊருக்குள் வந்த அன்று அவர்கள் நாவலடியில் இருந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல். வாவிப் பக்கமாக ஓலைக் கொட்டிலில் கனகசிங்கத்தின் பட்டறை. அவன் பலகை பொருத்துவான். இடுக்குகளில் அடைப்பதற்குப் பஞ்சைத் திரித்துக் கொடுப்பவள் அவள். கலபத்து என்பார்கள் அந்த அடைப்பு வேலையை. அவன் அடிக்கும் சத்தத்தை வைத்தே இடுக்கு நிரம்பிவிட்டதா இல்லையா என்று திரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அதற்கு மேல் தச்சு வேலையில் அவளுக்குப் பங்கு இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் கிடந்த தமக்கைக்குச் சோறு கொண்டுபோக அவள் தோணியில் டவுனுக்குக் கடந்து போயிருந்தாள். மகள் தக்சிகா தானும் வருவதாக அடம்பிடித்தாள். ஆஸ்பத்திரி சின்னப் பிள்ளைகள் வருகிற இடமில்லை என்று சொல்லி, தகப்பனோடு விட்டுவிட்டு வந்தாள். திரும்பிப் போனபோது வாவி வாவியாக இல்லை. கதவும் ஓலையும் பானையும் மனிதரும் மிதந்த தண்ணீருக்குள்ளால் யாரோ துடுப்புப் போட்டு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீடு நின்ற இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. கனகசிங்கத்தை ஒரு தென்னையில் சாய்ந்த நிலையில் கண்டுபிடித்தார்கள். வலக்கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தக்சிகாவைப் பிறகு வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்கிடையில் கண்டெடுத்தார்கள்.

என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பாடசாலை முகாமில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இருந்த நாட்களில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கைக்குப் போட்ட மாவுக்கட்டை, எலும்பு பொருந்துவதற்கு முன்பே வாளித் தண்ணீரில் ஊறவைத்துத் தானே பிய்த்துப் போட்டான். மணிக்கட்டு கோணலாகப் பொருந்திவிட்டது. உள்ளங்கை முழுதாகக் கீழே திரும்பாது. விரல்கள் மடங்கும். ஆனால் அவன் மடக்கவில்லை. இடக்கையால் சாப்பிட்டான், இடக்கையால் குளித்தான். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை அசைப்பான். அவ்வளவுதான்.

முகாமிலிருந்து தகரக் கொட்டிலுக்கு வந்த பிறகு, உதவி செய்ய வந்தவர்கள் தொழிலாளருக்கெல்லாம் சாமான் பெட்டி கொடுத்தார்கள். வாள், இழைப்புளி, உளிகள், இரும்புச் சுத்தியல் எல்லாம் அதில் இருந்தன. கொட்டாப்புளி மட்டும் இல்லை. கடையில் அதை யாரும் தேடுவதுமில்லை. ஓடாவி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்வான். கனகசிங்கம் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பாய்க்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டான்.

அன்று பின்னேரம் மங்கையற்கரசி அந்தப் பெட்டியைத் திறந்து வாளை எடுத்துக்கொண்டு நாவலடிக்குப் போனாள். பழைய வளவின் மூலையில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வாளை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. கை கொப்பளிக்க ஒரு கிளையை அறுத்தாள். அதை ஒரு சாக்கில் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

"விறகா புள்ள?" என்று கேட்டாள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த சின்னத்தங்கம். நாவலடியில் அவளுடைய பிள்ளைகள் இருவர் கடலோடு போனார்கள். மீன் விற்கிறவள், யாரிடமும் கேட்கத் தயங்காதவள்.

"கொட்டாப்புளி செய்யப் போறன்."

"ஆருக்கு?"

"அவருக்கு."

சின்னத்தங்கம் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். கனகசிங்கம் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தான். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

முதலாவது கொட்டாப்புளி பச்சை மரம். வெயிலில் வைத்தாள், வெடித்தது. இரண்டாவதில் பிடிக்குப் போட்ட துளை கோணிவிட்டது. அடுத்ததைச் செய்து முடித்து நிலத்தில் ஒரு முளைக்கம்பை அடித்துப் பார்த்தபோது, தலை கழன்று பறந்து சின்னத்தங்கத்தின் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. அந்தப் பக்கத்துக் கொட்டில்களில் அவ்வளவு காலத்துக்குப் பிறகு யாரோ சிரித்த சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. சிரித்தவளும் சின்னத்தங்கம்தான். பிடியைக் கீழிருந்து செருகாமல் மேலிருந்து செருக வேண்டும், துளை மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் அடிக்க அடிக்கத் தலை இறுகும் என்று மங்கையற்கரசி இரவிலே படுத்துக்கொண்டு யோசித்துக் கண்டுபிடித்தாள். நாவலடிப் பட்டறையில் அது கண்ணுக்கு முன்னால் எத்தனையோ தடவை கிடந்திருக்கிறது. அப்போது அதை அவள் பார்க்கவில்லை.

செய்து முடித்த ஒவ்வொன்றையும் அவன் பாய்க்குப் பக்கத்தில் வைப்பாள். மறுநாளும் அது வைத்த இடத்தில் இருக்கும். எடுத்துவிட்டு வேறொன்றைச் செய்வாள். பார்த்தவர்கள் அவளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஒருநாள் அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால், கொட்டிலுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

"தல கனம்."

அவள் திரும்பவில்லை. சுளகைப் புடைத்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு கனம்?"

"கைக்கு மிஞ்சின கனம்."

"சரி. குறைக்கன்."

எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். பைப்படியில் வரிசை நீளமாக இருந்தது. நின்று நின்று தன் முறை வந்தபோதுதான், வாளி கொண்டுவரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் ஏசினார்கள். அவள் வெறுங்கையைப் பைப்புக்குக் கீழே பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அன்றிலிருந்து அவன் குறை சொல்ல ஆரம்பித்தான். தலை கனம், பிடி நீளம், விளிம்பு கூர், மூலையைச் சீவாவிட்டால் சிராய் கிளம்பும். சொல்லச் சொல்ல அவள் அறுத்தாள், சீவினாள், தேய்த்தாள். அவன் சொன்ன குறைகளை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். "என்ர மனிசன் கதைக்கத் தொடங்கினதே ஏசித்தான்" என்பாள். அதைச் சொல்லும்போது பெருமையாகத்தான் சொல்வாள்.

ஆனால் குறை சொல்வது வேறு, பிடித்து அடிப்பது வேறு. ஒருநாள் அவள் உளியைக் கட்டையில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒருக்கா அடிங்க பாப்பம்" என்றாள். அவன் வலக்கையால் கொட்டாப்புளியை எடுத்தான். ஓங்கி அடித்தான். கோணல் மணிக்கட்டு மரத்தின் முகத்தை நேராகக் கொண்டுவரவில்லை. விளிம்பு உளியில் பட்டுச் சறுக்கி அவள் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்தது. அவள் கத்தவில்லை. அவன்தான் கத்தினான். கொட்டாப்புளியைத் தூக்கித் தகரத்தில் எறிந்தான்.

"இது விட்ட கை! புள்ளய விட்ட கை! இதால இனி ஒண்டும் புடிக்கேலா, விடு என்ன!"

பிறகு எல்லாம் வந்தது. இடக்கையால் தென்னையைக் கட்டிக்கொண்டு, வலக்கையால் மகளைப் பிடித்திருந்தான். அவள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளால் ஒரு வள்ளத்தின் அணியம், அதன் முன்முனை, வந்து மோதியது. அவனே கட்டிய வள்ளமாகக்கூட இருக்கலாம். அதற்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லை.

மங்கையற்கரசி அவன் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மணிக்கட்டில் எலும்பு முண்டிக்கொண்டிருந்த இடத்தை, கறுத்த பெருவிரலால் தடவினாள். அந்த இடத்தை அன்றுவரை அவன் அவளைத் தொட விட்டதில்லை.

"இஞ்ச பாருங்க. விட்ட கை எண்டா எலும்பு முழுசா இரிக்கும். இது முறிஞ்ச கை. முறியுமட்டும் புடிச்சிரிக்கு."

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நீங்க விடல்ல. தண்ணி பறிச்சது. நான்தான் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டுப் போனன். அதுக்கு நான் எந்தக் கையப் போய் முறிக்க?"

சின்னத்தங்கத்தின் கொட்டிலுக்குத் தகரம் ஒன்றுதான் தடுப்பு. எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். அன்று இரவு அவள் ஒரு சட்டியில் மீன் குழம்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் எறிந்த கொட்டாப்புளியை அவனே போய் எடுத்து வந்தான். மங்கையற்கரசி உளிப்பிடியின் தலையில் கரியைப் பூசினாள். "அடிங்க. எங்க படுது எண்டு பாப்பம்." அவன் அடித்தான். கொட்டாப்புளியின் முகத்தில் கறுப்பு அடையாளம் கீழ் மூலையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் அடிக்கச் சொன்னாள். அதே மூலை. எத்தனை தரம் அடித்தாலும் அதே மூலை.

அப்போதுதான் அவளுக்கு வழி தெரிந்தது. கையை நேராக்கப் பார்ப்பதை விட்டாள். வாளை எடுத்து, அடையாளம் விழுந்த பக்கமாகக் கொட்டாப்புளியின் முகத்தையே சாய்த்து அறுத்தாள். "கை திரும்பாட்டிப் போகட்டும், மரம் திரும்பட்டும்" என்றாள். பிடியையும் அவன் விரல்கள் மடங்குகிற விதத்துக்கு ஒரு பக்கம் குழித்தாள். பார்க்க அது கொட்டாப்புளி மாதிரியே இல்லை. மிதிபட்ட சப்பாத்து மாதிரி இருந்தது. அவன் உளியை வைத்து அடித்தான். அடி நேராக இறங்கியது. சீவல் சுருண்டு எழுந்தது. இன்னொரு தரம் அடித்தான். பிறகு நிறுத்தவில்லை. அந்தப் புளியங்கட்டையில் ஒரு தேவையும் இல்லாமல் துளை துளையாகப் போட்டுக்கொண்டே இருந்தான். அவள் உளியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

வீடிழந்தவர்களுக்கென்று திராய்மடுவில் வீடுகள் எழுந்தபோது கதவு நிலைகளில் பல அவன் செய்தவை. அந்தக் கோணல் கொட்டாப்புளியைக் கண்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கேட்டு வந்தார்கள். இந்த மாவட்டத்தில் முழுதான கைகள் உள்ளவர்கள் மட்டுமா தொழில் செய்கிறார்கள்? பீரங்கிச் செல் விழுந்து விரல் போனவர்கள், மிதிவெடியில் கை சிதைந்தவர்கள், ஆலையில் அகப்பட்டவர்கள் என்று எத்தனை பேர். கடையில் விற்கும் பிடி எல்லாம் ஐந்து விரலுக்குச் செய்தவை. மங்கையற்கரசியின் பிடி, வருகிறவருக்கு எத்தனை விரல் இருக்கிறதோ அத்தனைக்குச் செய்தது.

ஏறாவூரில் வாகனம் டிங்கரிங் செய்கிற ஹலீம் நானா அப்படித்தான் வந்தார். கடல் புரட்டிப்போட்ட வேன்களையும் ஆட்டோக்களையும் தட்டித் தட்டி நிமிர்த்தியே அவருடைய தோள் இறங்கிவிட்டது. இரும்பால் தட்டினால் தகரம் நீண்டுவிடும். மரத்தால் தட்டினால் படியும். ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் குவிந்தும் வேண்டும் என்றார். அவர் கையிலும் கரி பூசினாள். "தங்கச்சி, எனக்குக் கலியாணத்திலயும் இப்பிடி ஒருத்தரும் மருதாணி போடல்ல" என்றார்.

பிறகு சண்டை மறுபடியும் மூண்டது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகத் தயங்கிய காலம். ஹலீம் நானா கேட்டிருந்த கொட்டாப்புளிகள் செய்து முடித்துக் கிடந்தன, அவர் வரவில்லை. ஒருநாள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மங்கையற்கரசி பஸ் ஏறினாள். மீன் வாங்கப் போன சின்னத்தங்கமும் அதே பஸ்ஸில். சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் பையைக் காட்டிச் சிங்களத்தில் என்னவென்று கேட்டான். தச்சுச் சாமானுக்கு ஆயுதம் என்றுதான் எங்கள் பக்கத்தில் பேர். கனகசிங்கம் அப்படித்தான் சொல்வான்.

"ஆயுதம்" என்றாள் அவள்.

சிங்களத்திலும் அந்தச் சொல் அதேதான். துவக்குகள் நிமிர்ந்தன. சின்னத்தங்கம் தனக்குத் தெரிந்த மீன் சந்தைச் சிங்களத்தை எல்லாம் சேர்த்து, தச்சர் என்று விளங்கவைக்க "வடு பாஸ், வடு பாஸ்" என்று கத்திக்கொண்டு, மரம் அடிக்கிற மாதிரிக் காற்றில் அடித்துக் காட்டினாள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மரக்கட்டைகள். ஆமிக்காரன் ஒன்றை எடுத்து மண்மூட்டையில் அடித்துப் பார்த்தான். பிடித்துவிட்டது போலும். இன்னொரு தரம் அடித்தான். பிறகு அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தான்.

மங்கையற்கரசி போகவில்லை. அவன் முன்னால் போய் நின்று, அவன் கக்கத்திலிருந்து அதை உருவி எடுத்தாள். "அது வேற ஆள்ட கைக்குச் செஞ்சது" என்று தமிழில் சொன்னாள். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்னத்தங்கம் ஏறாவூர் வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தாள்.

ஹலீம் நானா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஆமிட கையில இரிந்து பறிச்சியா? அல்லாவே, நான் வேறொண்டு வச்சித் தட்டியிருப்பன் தங்கச்சி!"

"தட்டியிரிப்பீங்க. தோள் போயிரிக்கும்" என்றாள்.

அவர் மனைவி ஹஸீனா பாலில்லாத பிளேன்டி ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். மங்கையற்கரசி இருட்டுமுன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்வரை வாசலிலேயே நின்று யார் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தாளாம்.

வாகரையிலிருந்து சனம் பெயர்ந்து வந்தபோது, திராய்மடுவுக்குக் கிட்டவும் கூடாரங்கள் எழுந்தன. அதில் குஞ்சித்தம்பி என்ற ஓடாவி ஒருவர். செல் துண்டு பட்டு வலக்கையில் பெருவிரலும் சிறுவிரலும்தான் மிச்சம். அவர் கேட்டு வரவில்லை. கூடாரத்துக்குள் படுத்திருந்தார். இவள் போய் அவர் முன்னால் கரிச்சட்டியோடு உட்கார்ந்தாள். "போ புள்ள, எனக்கு இனி என்னத்துக்கு" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவள் போகவில்லை. மறுநாளும் போனாள். கடைசியில் அவர் சலிப்போடு கையை நீட்டினார். அந்தக் கைக்கு ஏற்ற பிடி அமைய வெகுநாள் பிடித்தது. பிடியில் தோல் வார் ஒன்றைப் பூட்டி, அது புறங்கையைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரிச் செய்தாள். ஊர் திரும்பலாம் என்று அறிவித்த அன்று, குஞ்சித்தம்பி லொறியில் ஏறும்போது மூட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கொட்டாப்புளியைத் தன் கையிலேயே வைத்திருந்தார். இப்போது பனிச்சங்கேணிப் பக்கம் அவர் கட்டிய தோணிகள் ஓடுகின்றன.

அவள் இதையெல்லாம் பெரிய காரியமாகச் சொல்வதில்லை. கேட்டால், "அவருக்குச் செஞ்சாப்போல எல்லாருக்கும் செஞ்சன்" என்பாள். அதிகம் கேட்டால் எரிச்சல் வரும். "சும்மா இரிங்க. அளவு பிழைக்கப் போகுது" என்று விரட்டிவிடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்தது. வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய்வருவதற்கு இருந்த தடை எடுபட்டது. நல்ல புளி அந்தப் பக்கத்தில்தான். இவ்வளவு காலமும் லொறிக்காரர் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, தானே போய்க் கிளையைப் பார்த்து வெட்டுவிக்க வேண்டும் என்று ஆசை. "மரம் ஏத்த ஒரு தோணி செஞ்சி தாங்களன்" என்று கனகசிங்கத்திடம் கேட்டாள்.

கேட்டுவிட்டாளே தவிர, கடல் வந்த அன்றைக்குப் பிறகு அவள் தோணியில் கால் வைத்ததில்லை. டவுனுக்குப் போவதென்றாலும் சுற்றிச் சுற்றி வீதியால்தான் போவாள். கனகசிங்கத்துக்கும் இன்னும் தீராத ஒன்று இருந்தது. கொட்டாப்புளி பிடிக்க வந்த வலக்கை ஆளைப் பிடிக்க வரவில்லை. கோப்பையை இடக்கையால் வாங்குவான். பக்கத்து வீட்டுக் குழந்தையை இடக்கையால் தூக்குவான். அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் இடக்கைதான். அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தோணி தயாரானது. பஞ்சை அவளே திரித்துக் கொடுத்தாள், அவன் அடித்தான். தார் காய்ந்த பிறகு ஒரு காலையில் ஆட்கள் சேர்ந்து அதை வாவிக்கரைக்கு இழுத்துப் போனார்கள். சின்னத்தங்கம் வந்திருந்தாள். ஹலீம் நானாவும் ஒரு பை மாம்பழத்தோடு வந்திருந்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித் தோணியைத் தண்ணீரில் தள்ளினார்கள். அது ஒரு பக்கமும் சாயாமல் மிதந்தது. கனகசிங்கம் ஏறி, நடுவில் கால்களை அகட்டி நின்று ஆட்டிப் பார்த்தான். ஓர் இடுக்கிலும் தண்ணீர் கசியவில்லை.

"வா புள்ள" என்றான்.

மங்கையற்கரசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீர் வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். வாவி அசையாமல் கிடந்தது. சின்னத்தங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹலீம் நானா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

கனகசிங்கம் குனிந்து இடக்கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதை மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, தன் கையை நீட்டியபடி நின்றாள். அவன் அசையவில்லை. தோணி அவளை விட்டு விலகிப் போனது, திரும்பி வந்தது. அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. மணிக்கட்டில் எலும்பு முண்டிய அந்த வலக்கை அவன் இடுப்பிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது. வந்து சேரும்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவள், அதைப் பற்றிக்கொண்டு, தன் முழுப் பாரத்தையும் அதிலே போட்டு ஏறினாள்.